முள் ஏறும் நேரம்

1970 ஜூனில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து டிரையம்ஃப் நிறுவனம் ஸ்டாக் என்ற காரை வெளியிட்டது. நான்கு பேர் உட்காரலாம், கூரையை மடக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். முன்னால் 2997 சி.சி. வி8 எஞ்சின், 145 குதிரைத்திறன். உடலின் கோடுகளை இழுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மைக்கெலோட்டி. சென்னையில் தயாராகி நம் சாலைகளில் ஓடிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் உருவமும் அவர் கையிலிருந்து வந்ததுதான். 1977 வரை மொத்தம் 25,877 ஸ்டாக்குகள் வெளிவந்தன. ஆனால் வெளிவந்த சில ஆண்டுகளிலேயே அதன் அழகைப் பற்றிய பேச்சு ஓய்ந்து, அது சூடேறும் கதையே எங்கும் பேசப்பட்டது. ரேடியேட்டர் கொதித்தது, சிலிண்டர் ஹெட் கோணியது, கேஸ்கட் போனது. ‘அந்த எஞ்சினே சரியில்லை’ என்று ஒற்றை வரியில் தீர்ப்பு எழுதப்பட்டது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். தீர்ப்பு முழுப் பொய் என்று நான் சொல்லவரவில்லை. விசாரணையே நடக்காமல் வந்த தீர்ப்பு அது என்பதுதான் என் புகார்.

சூடேறும் பழைய காரைப் பட்டறையில் விட்டால் வழக்கமாக நடப்பது இது: முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றுவார்கள். தீரவில்லை என்றால் வாட்டர் பம்ப். பிறகு ரேடியேட்டர். கடைசியில் ஹெட்டையே இறக்குவார்கள். ‘எந்த உறுப்பு கெட்டது?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் இந்த வரிசையில்தான் போக வேண்டியிருக்கும். கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: வெப்பமானியின் முள் எப்போது ஏறுகிறது? சிக்னலில் நிற்கும்போதா, நெடுஞ்சாலையில் விரட்டும்போதா, காலையில் கிளப்பிய மூன்றாவது நிமிடத்திலா, வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பிய பிறகா? இந்த நான்கும் வெவ்வேறு கோளாறுகள். நான்கிலும் போய் நிற்கும் இடம் ஒன்று என்பதால் அவற்றுக்கு ஒரே பெயர் வைத்துவிட்டோம். ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் சந்தேகப்பட வேண்டிய உறுப்புகளில் பெரும்பாலானவை தாமாகவே விலகிவிடும். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, எஞ்சினுக்குள் எவ்வளவு வெப்பம் புழங்குகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பழைய வி8 கார், நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எரிபொருளிலிருந்து வெளிவரும் திறன் 107 கிலோவாட் அளவு. அதில் சக்கரத்தைச் சுழற்றப் போவது கால் பங்குக்குச் சற்று மேல். இன்னொரு பெரும்பங்கு சைலன்ஸர் வழியே புகையோடு போய்விடும். மிச்சத்தில் ஏறத்தாழ 30 கிலோவாட் சிலிண்டர் சுவர் வழியாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் கீசர்கள் பதினைந்தை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். எஞ்சினில் இருக்கும் கூலன்ட்டோ பத்து லிட்டர்தான். வெப்பம் வெளியே போக வழியே இல்லாவிட்டால், தண்ணீர் மட்டும் நொடிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். சுற்றியுள்ள இரும்பும் அலுமினியமும் அந்த வெப்பத்தில் பங்கு வாங்கிக்கொள்வதால்தான் அத்தனை வேகமாக ஏறுவதில்லை. அப்படியும் கொதிக்கச் சில நிமிடங்கள் போதும். முள் நடுவில் அசையாமல் நிற்பது எஞ்சின் அமைதியாக இருப்பதற்கான அடையாளம் அல்ல. உள்ளே வருகிற 30 கிலோவாட்டும் அதே நொடியில் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள்.

வெளியே போகிற அந்த வழியில் இரண்டு ஓட்டங்கள் சந்திக்கின்றன. ரேடியேட்டரின் குழாய்க்குள்ளே தண்ணீர், அதன் இதழ்களுக்கு இடையே காற்று. இவற்றின் அளவு எதைப் பொறுத்து மாறுகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தண்ணீரைத் தள்ளும் பம்பு எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பின்தொடர்கிறது. காற்றின் அளவு வண்டி ஓடும் வேகத்தைப் பின்தொடர்கிறது. வண்டி நின்றிருக்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. உண்டாகும் வெப்பமோ, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மூன்றும் மூன்று கயிறுகளில் கட்டப்பட்டிருப்பதால், வண்டி எந்த நிலையில் சூடாகிறது என்பது எந்தக் கயிறு அறுந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். நான்காவதாக, நம் கையில் இல்லாத ஒன்றும் உண்டு. ரேடியேட்டர் கொட்டும் வெப்பம், தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி, காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 70. அதே காரை 40 டிகிரி வெயிலுக்குக் கொண்டுபோனால் வித்தியாசம் 50 ஆகிவிடும். எந்த உறுப்பும் கெடாமலேயே ரேடியேட்டரின் திறனில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் காணாமல் போகிறது. கவென்ட்ரியின் கோடையில் குறையில்லாமல் ஓடிய கார் அமெரிக்காவின் அரிசோனாவில் திணறியதற்கு மர்மமான காரணம் எதுவும் தேவையில்லை.

எப்போது ஏறுகிறது என்று கேட்பதற்கு முன்னால், ஏறுகிறது என்று சொல்லும் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும். ஐம்பதுகளின் கார்கள் பலவற்றில் வெப்பமானி ஒரு மெல்லிய செம்புக் குழாய். முனையில் உள்ள குமிழில் ஈதர் இருக்கும். அது சூட்டில் ஆவியாகிக் கொடுக்கும் அழுத்தம் முள்ளை நகர்த்தும். அறுபதுகளில் மின்சார மீட்டர்கள் பரவின. பிரிட்டிஷ் கார்களில் அவற்றுக்கு மின்சாரம் அளந்து கொடுக்க டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சிறிய வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உட்கார்ந்திருக்கும். பேட்டரியின் மின்னழுத்தம் எப்படி ஏறி இறங்கினாலும் மீட்டர்களுக்குச் சராசரியாகப் பத்து வோல்ட் போகும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. அது பழுதாகி முழு மின்னழுத்தத்தையும் விட்டுவிட்டால், எஞ்சின் வழக்கமான சூட்டில் இருந்தாலும் முள் சிவப்பை நோக்கி ஏறும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். பெட்ரோல் மீட்டரும் அதே ஸ்டெபிலைசரிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறது. வெப்பமும் ஏறி, டேங்கில் பெட்ரோலும் தானாகக் கூடியதாகக் காட்டினால் குற்றவாளி எஞ்சின் அறையில் இல்லை. இதைவிட ஆபத்தானது எதிர்ப்பக்கத்துப் பொய். சென்ஸர் தண்ணீரில் மூழ்கியிருக்கும் வரைதான் அதன் பேச்சு நம்பத்தக்கது. தண்ணீர் கசிந்து மட்டம் இறங்கி, சென்ஸர் வெறும் காற்றிலோ ஆவியிலோ தொங்க ஆரம்பித்தால், உலோகம் வெந்துகொண்டிருக்கும்போது முள் இறங்கிக் காட்டக்கூடும். ஏறிய முள் திடீரென விழுந்தால் நிம்மதிப்பெருமூச்சு விடாமல் வண்டியை ஓரங்கட்டுவதே புத்திசாலித்தனம்.

இப்போது முதல் நிலை. நெரிசலில் ஊர்ந்தால் ஏறுகிறது, சாலை திறந்து வேகம் எடுத்தால் இறங்கிவிடுகிறது. ஐட்லிங்கில் எரியும் பெட்ரோல் மிகக் குறைவு. தண்ணீருக்குள் இறங்கும் வெப்பம் நெடுஞ்சாலையில் இறங்குவதில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அந்தச் சிறிய வெப்பத்தைக் கொட்ட முடியாத அதே ரேடியேட்டர் பெரிய வெப்பத்தைச் சிரமமில்லாமல் கொட்டுகிறது. ஆகவே குழாய் அடைப்பும் பம்பும் சந்தேகப் பட்டியலின் அடிக்குப் போய்விடுகின்றன. குறைந்தது காற்று. ஃபேன் பெல்ட் வழுக்குகிறதா, ஃபேனைச் சுற்றியுள்ள கூடு கழற்றப்பட்டுவிட்டதா, திரவப் பிடிப்புள்ள ஃபேன் என்றால் அதற்குள் உள்ள சிலிக்கோன் எண்ணெய் கசிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சூடான எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் சுழற்றினால் அந்த ஃபேன் முரண்டு பிடிக்க வேண்டும். தங்குதடையின்றிச் சுழன்றால் அதன் பிடிப்பு செத்துவிட்டது. 1961-ல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பில் ஃபேன் மின்சாரத்தில் ஓடியது. அதை இயக்கும் வெப்ப ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டாலோ கம்பி துருவேறினாலோ சிக்னலில் நிற்கும்போது மட்டும் வண்டி வேகும். அந்தக் காரின் நீண்ட மூக்கில் காற்று நுழையும் வாய் குறுகலானது. 1968-ல் வந்த இரண்டாம் வரிசையில் ஜாகுவாரே வாயை அகலமாக்கி, ஃபேன்களையும் இரண்டாக்கியது. நிலைமையை நிறுவனமே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம்.

இதே நிலைக்குப் பலர் யோசிக்காத இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பார்க் பிளக்கில் பொறி தாமதமாக விழுந்தால், பிஸ்டன் பாதி தூரம் இறங்கிய பிறகும் எரிதல் முடிந்திருக்காது. தள்ளும் வேலைக்குப் போக வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது அந்தத் துவாரத்தின் சுவரில் இறங்குகிறது. சுவருக்கு மறுபக்கம் நிற்பது கூலன்ட். அமெரிக்காவுக்குப் போன டிரையம்ஃப் டிஆர்6 போன்ற கார்களில், புகைச் சட்டத்துக்காக ஐட்லிங்கில் டைமிங்கை வேண்டுமென்றே பின்தள்ளும் வாக்குவம் அமைப்பே டிஸ்ட்ரிபியூட்டரில் வைத்திருந்தார்கள். அந்த நாட்டுக்குப் போன கார்கள் சில ஐட்லிங்கில் மட்டும் கூடுதலாகச் சூடாவதற்கு ரேடியேட்டரைத் திட்டிப் பயனில்லை. டைமிங் லைட்டைப் பிடித்து ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பலரும் அதைக் கடைசியில் பார்ப்பதற்குக் காரணம், டைமிங் என்பது மின்சாரத் துறை, சூடு என்பது தண்ணீர்த் துறை என்று மனதுக்குள் சுவர் எழுப்பி வைத்திருப்பதுதான்.

இரண்டாவது நிலை இதற்கு நேர் எதிர். ஊருக்குள் ஒழுங்காக ஓடும் கார் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் விரட்டினால் மெல்ல மெல்ல ஏறுகிறது. இங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை, எதிர்க்காற்றே வேண்டிய அளவு வருகிறது. பற்றாக்குறை தண்ணீர் ஓட்டத்திலோ, குழாயிலிருந்து இதழுக்கு வெப்பம் தாவும் இடத்திலோ இருக்க வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்ட மேல் ஹோஸின் சூட்டையும் கீழ் ஹோஸின் சூட்டையும் அளந்தால் போதும். 30 கிலோவாட் வெப்பத்தை, பாதித் தண்ணீரும் பாதி கிளைக்காலும் கலந்த கூலன்ட் நிமிடத்துக்கு 60 லிட்டர் வீதம் ஓடிச் சுமக்கிறது என்றால், ரேடியேட்டரில் அது எட்டு ஒன்பது டிகிரி இறங்க வேண்டும். ஓட்டம் பாதியானால் வித்தியாசம் இரண்டு மடங்காகும். ஆகவே மேலே கொதிக்கக் கொதிக்கவும் கீழே கைபொறுக்கும் சூட்டிலும் இருந்தால் தண்ணீர் போதுமான வேகத்தில் ஓடவில்லை. பம்பின் இதழ் அரித்துப்போயிருக்கலாம், தெர்மோஸ்டாட் அரைகுறையாகத் திறக்கலாம், குழாய்கள் துருச்சேற்றில் அடைபட்டிருக்கலாம். மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே கொதிப்பு என்றால் தண்ணீர் ஓடுகிறது, வெப்பத்தைத்தான் கொட்டாமல் திரும்புகிறது. ஐம்பது வருடத்துப் பித்தளை ரேடியேட்டரில் குழாயையும் இதழையும் இணைத்த ஈயப்பற்று விட்டுப்போனால் அப்படி ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் இதழ்கள் வரிசை குலையாமல் நிற்கும், ஆனால் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்காது. அளக்கும்போது ஒரு எச்சரிக்கை: அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் உலோகத்தின் மேல் காட்டினால் நிஜத்தைவிடக் குறைத்துச் சொல்லும். ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி அதன் மேல் காட்ட வேண்டும். கீழ் ஹோஸையும் வேகமான சுற்றில் ஒரு கண் பார்ப்பது நல்லது. அது பம்பு உறிஞ்சும் பக்கம். உள்ளே ஸ்பிரிங் இல்லாத பழைய ரப்பர், வேகச் சுற்றில் உறிஞ்சலுக்குத் தாங்காமல் சப்பையாகி வழியை அடைக்கும். வண்டியை நிறுத்திப் பார்க்கும்போது அது மறுபடி உருண்டையாகிவிட்டிருக்கும்.

கிளப்பிய சில நிமிடங்களிலேயே ஏறுவது மூன்றாவது நிலை. தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டதா என்பதை ஒரு பாத்திரத்து வெந்நீரில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 82 என்று முத்திரையிட்டது 82 டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஹெட் கேஸ்கட். இதற்கும் நேரமே சாட்சி. ரேடியேட்டரில் அழுத்தம் உண்டாவது தண்ணீர் சூடாகி விரிவதால். எஞ்சின் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகாத முதல் நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் அந்த அழுத்தம் வெப்பத்திலிருந்து வந்திருக்க முடியாது. சிலிண்டருக்குள் எரியும் வாயு கேஸ்கட்டின் விரிசல் வழியே தண்ணீருக்குள் புகுந்திருக்கிறது. உறுதிப்படுத்த, ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் ஆவியை ஒரு நீலத் திரவத்தின் வழியே உறிஞ்சும் எளிய கருவி உண்டு. கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டை இறக்கி மாற்றுவது பெரிய செலவு. அதைத் தொடங்குவதற்கு முன் இந்தச் சில சொட்டுத் திரவத்துக்குச் செலவழிக்காமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்து எந்த நியாயமும் இல்லை.

நான்காவது நிலையில் பெரும்பாலும் கோளாறே கிடையாது. வண்டியை அணைத்ததும் பம்பு நிற்கிறது, உலோகத்தில் தேங்கிய வெப்பம் ஓடாத தண்ணீரில் இறங்குகிறது, முள் சில நிமிடம் ஏறிவிட்டுத் தானாக இறங்குகிறது. இதே தேங்கிய சூட்டில் கார்பரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிவிடுவதால், சூடான வண்டி உடனே மறுபடி கிளம்ப மறுக்கும். அதைப் பார்த்து எஞ்சின் சூடேறிவிட்டது என்று ரேடியேட்டரைப் பிரிப்பவர்கள் உண்டு. பிரிக்க வேண்டியது அதுவல்ல.

இத்தனை ஆராய்ச்சி எதற்கு, தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்தால் தண்ணீர் தாராளமாக ஓடுமே என்பது பட்டறைகளில் பழகிப்போன வாதம். அதை மறுப்பவர்கள் சொல்லும் பதிலும் தவறானது என்பதுதான் வேடிக்கை. தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் தங்கிக் குளிர நேரம் கிடைக்காது என்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீரை மட்டும் பார்த்தால் அது சரிதான், வேகமாகப் போகும் சொட்டு குறைவாகவே குளிர்கிறது. ஆனால் ஒரு நிமிடத்தில் அத்தனை அதிகமான சொட்டுகள் கடந்துபோகின்றன, ரேடியேட்டரின் முழு நீளமும் சூடாகவே இருக்கிறது, ஆகவே மொத்தத்தில் கொட்டப்படும் வெப்பம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. அப்படியென்றால் தெர்மோஸ்டாட்டை எடுத்த சில கார்கள் முன்பைவிட அதிகம் சூடாவது எப்படி? அது நிஜமாகவே நடக்கிறது. காரணம் ஜாகுவாரின் பழைய எக்ஸ்கே எஞ்சினில் அப்பட்டமாகத் தெரியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றி வர அதில் ஒரு குறுக்குவழி உண்டு. அசல் தெர்மோஸ்டாட்டின் உடம்போடு ஒரு பாவாடை வளையம் சேர்ந்தே நகரும். ரேடியேட்டர் வழி திறக்கும்போது அந்த வளையம் குறுக்குவழியை மூடும். தெர்மோஸ்டாட்டை எடுத்தாலோ, வளையம் இல்லாத இன்றைய ரகம் ஒன்றைப் போட்டாலோ குறுக்குவழி திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரின் பக்கமே எட்டிப் பார்க்காமல் எஞ்சினுக்குத் திரும்பும். புத்தம் புதிய உறுப்பு, சரியான வெப்பநிலையில் திறக்கும் உறுப்பு, அதுவே நோய்க்குக் காரணம். பாத்திரத்து வெந்நீர்ச் சோதனையில் இது சிக்காது. விரட்டினால் மட்டும் ஏறுகிறது, மேல் கீழ் ஹோஸ் வித்தியாசமோ மிக அதிகம் என்று வரிசையாக எழுதிப் பார்த்தால்தான், ரேடியேட்டர் வழியே போகும் தண்ணீர் குறைவு என்று பிடிபடும்.

இன்னொரு வாதம் பணத்தைப் பற்றியது. சோதனைக்கு மணிக்கணக்கில் கூலி கொடுப்பதற்குப் பதிலாக எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட்டால் என்ன? பெரிய ரேடியேட்டரும் போட்டுவிடலாமே? இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஐம்பது வயது ஹோஸையும் பெல்ட்டையும் சோதித்துக்கொண்டிருப்பது வீண், மாற்றிவிட வேண்டியதுதான். மற்றபடி, ஒரே நாளில் ஐந்து உறுப்புகளை மாற்றி வண்டி சரியானால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. சரியாகாவிட்டால் நிலைமை இன்னும் மோசம், இப்போது ஐந்து புதிய சந்தேகங்கள் சேர்ந்திருக்கும். பெரிய ரேடியேட்டர், டைமிங் தாமதத்தையும் கேஸ்கட் விரிசலையும் சில மாதங்கள் மறைத்துவைக்கும், அவ்வளவுதான். தண்ணீரே கலக்காத, 180 டிகிரி வரை கொதிக்காத கிளைக்கால் திரவங்களும் சந்தையில் இருக்கின்றன. அவை கொதிக்காது என்பது உண்மை. ஆனால் ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும், கிளைக்காலுக்கோ அதில் அறுபது சதவீதம் அளவு போதும். அதே ஓட்டத்தில் குறைவான வெப்பத்தையே அது சுமக்கும், உலோகம் முன்பைவிடச் சூடாகவே ஓடும். கொதிப்பு என்ற அறிகுறியை அகற்றிவிட்டு வெப்பத்தை உள்ளேயே விட்டுவைப்பதைப் பரிகாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொதிப்பைப் பற்றிப் பேசும்போது ரேடியேட்டர் மூடியை மறக்கக் கூடாது. எல்லாவற்றிலும் மலிவான உறுப்பு அது, அலட்சியத்துக்கு ஆளாவதும் அதுதான். அது வெறும் மூடி அல்ல, அளவான அழுத்தத்தில் திறக்கும் வால்வு. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் கொதிநிலை ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேலே உயரும். 13 பவுண்டு மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். அதன் ரப்பர் கெட்டு அழுத்தம் நிற்காவிட்டால் நூறிலேயே கொதிக்கும். மீட்டர் முள் 95-ல் நல்லபிள்ளையாக நின்றுகொண்டிருக்கும். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள உலோகத்தை ஒட்டிய தண்ணீர் முள் சொல்வதைவிட எவ்வளவோ சூடானது. அங்கே ஆவிப்படலம் உருவாகிவிட்டால் அது போர்வைபோல் உலோகத்தை மூடிக்கொள்ளும். திரவம் தொடாத உலோகம் குளிர்வதில்லை. ஹெட் விரிசல் விடுவது இப்படிப்பட்ட ஒரு மூலையில்தான் தொடங்குகிறது.

இந்தப் பாடங்களோடு ஸ்டாக்கிடம் திரும்புவோம். அதன் எஞ்சின் பிளாக் இரும்பு, ஹெட்கள் அலுமினியம். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும், ஆகவே சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் கேஸ்கட்டின் மேல் இரண்டும் உரசிக்கொள்ளும். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் நிற்பதால், அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த கூலன்ட் வருடம் முழுவதும் இருந்தே ஆக வேண்டும். குளிர்காலத்துக்கு மட்டும் ஆன்டிஃப்ரீஸ், கோடையில் குழாய்த் தண்ணீர் என்று பழகிய கைகளுக்கு அது புதுப் பாடம். பிளாக்கை வார்த்தபோது உள்ளே தங்கிய மணல் முழுதாகக் கழுவப்படாமல் வந்த எஞ்சின்களும் இருந்தன. மணலும் துருவும் சேர்ந்து ரேடியேட்டரின் குழாய்களை அடைத்தன. இதற்கெல்லாம் மேலாக, வாட்டர் பம்பு இருந்த இடம். மற்ற எஞ்சின்களில் முன்புறத்தில், பெரும்பாலும் தாழ்வாக இருக்கும் பம்பு, இதில் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உச்சியில் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் காற்று ஏறி நிற்பது உச்சியில்தான். தண்ணீரைத் தள்ள வேண்டிய பம்பே முதலில் வறண்டுவிடும். சிறு கசிவு ஓட்டத்தை நிறுத்தும், ஓட்டம் நின்றால் கொதிக்கும், கொதித்தால் இன்னும் தண்ணீர் வெளியேறும். மற்ற கார்களில் வாரக்கணக்கில் எச்சரிக்கும் கோளாறு இதில் ஒரே பயணத்தில் முடிந்துவிடும்.

அப்படியானால் எஞ்சின் சரியில்லை என்ற தீர்ப்பு சரிதானே என்று கேட்கலாம். பம்பின் இடம் மோசமான முடிவு, அதில் எனக்குத் தயக்கமில்லை. ஹெட்டை இறுக்கும் பிடிப்புகளில் பாதி சாய்வாக நிற்கும் ஸ்டட்கள். அவை அலுமினியத்தோடு அரித்து ஒட்டிக்கொண்டால் ஹெட்டைக் கழற்றுவதே போராட்டமாகிவிடும். இதையும் சேர்த்துக் குற்றப்பத்திரிகையில் எழுதலாம். ஆனால் இந்த எஞ்சினின் பாதி என்று சொல்லத்தக்க சாய்ந்த நான்கு சிலிண்டர் வடிவம், அதே டிரையம்ஃப் குடும்பத்தில் பிறந்து, ஸ்வீடனின் சாப் 99 காரில் அறுபதுகளின் இறுதியிலேயே ஓடத் தொடங்கியது. அந்தக் காருக்கு இப்படியொரு கெட்ட பெயர் ஒட்டவில்லை. ஸ்டாக்குகளிலேயே கழுவிச் சுத்தம் செய்த பிளாக்கும், அடைப்பில்லாத ரேடியேட்டரும், வருடம் முழுவதும் சரியான கூலன்ட்டும் கிடைத்தவை இன்றும் அசல் எஞ்சினோடு ஓடுகின்றன. வடிவமைப்பில் தவறுக்கு இடம்கொடுக்கும் மெல்லிய விளிம்பு இருந்தது. அந்த விளிம்பைத் தாண்டவைத்தது மணலும், குழாய்த் தண்ணீரும், குறைந்துபோன மட்டமும். மோசமான வடிவமைப்பு என்ற சொல் முதலாவதை மட்டும் சொல்கிறது. காரைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறவருக்குத் தெரிய வேண்டியதோ மற்ற மூன்றும்.

அந்தக் காலத்து உரிமையாளர்கள் பலர் எடுத்த முடிவு வேறு. ஸ்டாக்கின் எஞ்சினைத் தூக்கிவிட்டு 3528 சி.சி. ரோவர் வி8-ஐப் பொருத்தினார்கள். அதுவும் அதே பிரிட்டிஷ் லேலண்ட் குடும்பத்துச் சரக்குதான், அலுமினிய எஞ்சின்தான். சூடு நின்றுவிட்டால், பார்த்தீர்களா, எஞ்சின்தான் காரணம் என்று பேச வேண்டியதுதானே. ஆனால் எஞ்சினை மாற்றும்போது ரேடியேட்டரைக் கழற்றாமல் முடியாது, கழற்றியதைக் கழுவாமலோ மாற்றாமலோ யாரும் திரும்ப மாட்டுவதில்லை. ஹோஸ்கள் புதியவை, மூடி புதியது, கூலன்ட் புதியது, பம்பும் வேறு. ஐந்தாறு விஷயங்களை ஒன்றாக மாற்றிவிட்டு ஒன்றின் தலையில் பழியைப் போட்ட சோதனை அது. இன்று காற்று திரும்பி வீசுகிறது. அசல் எஞ்சின் உள்ள ஸ்டாக்குக்குத்தான் மதிப்பு அதிகம். ரோவர் எஞ்சினை இறக்கிவிட்டு, கொட்டகையில் கிடக்கும் பழைய டிரையம்ஃப் வி8-ஐத் தேடிப் பிடித்துப் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அதைத் திறந்ததும் முதலில் செய்வது, பிளாக்கின் அடியில் உள்ள வடிகால் துவாரத்தைக் குத்தித் திறந்து, ஐம்பது வருடத்துக்கு முன் கழுவியிருக்க வேண்டிய மணலை வெளியே எடுப்பது.